பெண்பிள்ளைகள் பெரட்டு

1993 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு பெண்கள் தரையிலிருந்து நான்கு அங்குலம் மேலே நின்றார்கள். காரணம், பதுளையில் ஒரு கல்விக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருந்த கனகசுந்தரம் இரண்டு சொற்களைப் பிழையாக எழுதியதுதான். தோட்டப் பாடசாலை மாணவிகளுக்கு உடற்பயிற்சி அணிவகுப்பு நடத்தச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம். மலைநாட்டுத் தமிழ் தனக்குக் கைவந்துவிட்டது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. வேறு எவருக்கும் இருக்கவில்லை. பரேட் என்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள் என்று எங்கோ கேட்டதை நம்பி, 'பெண்பிள்ளைகள் பெரட்டு, சனி காலை ஆறு மணி, பாடசாலை மைதானம்' என்று எழுதி, கையொப்பத்துக்குக் கீழே அழகாக ஒரு கோடும் இழுத்து அனுப்பினார். தோட்டத்தில் பெரட்டு என்றால் விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பெண்பிள்ளைகள் என்றால் பதினாறு வயதிலிருந்து பல் விழுந்தவர் வரை கொழுந்து பறிக்கிற அத்தனை பேரும். அத்தனை பேரும் கூடையோடு வந்து நின்றார்கள். மாணவிகள்தான் வரவில்லை; தாய்மார் கிளம்பிவிட்டதால் லயத்து வீடுகளில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி நடத்த வந்தவர் இராசமணி டீச்சர். அந்தப் பக்கத்தில் பெண்களுக்கென்று முதன்முதல் விசில் ஊதியவர் அவர். அவர் வருமுன் பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சிப் பாடம் என்றால் மைதானம் கூட்டுவது. அன்று அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அறிக்கை எழுத வந்திருந்த கனகசுந்தரத்திடம் திரும்பினார்.

"இதுகள் பள்ளிக்கூடப் பிள்ளையளோ?"

"கொஞ்சம் வளந்த பிள்ளையள், ரீச்சர்."

டீச்சர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கூடையை இறக்குங்கோ, தலையை நிமிர்த்துங்கோ என்றார். கூடைக்கயிறு உச்சந்தலையில் அழுத்தி அழுத்திக் குனிந்தே பழகிய கழுத்துகள் அவை. அவை நிமிர்ந்ததும் குதிகால்கள் எழும்பின, பிறகு விரல்கள். அதன் பிறகு அடியில் காற்றுத்தான் இருந்தது. வேலை பிரிக்க வந்திருந்த தம்பையா கங்காணி ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பேர் கூப்பிடுவதைத் தொடர்ந்தார். கனகசுந்தரம் அடிமட்டத்தால் அளந்து, சராசரி நான்கு அங்குலம் என்று எழுதிக்கொண்டார். முன்வரிசையில் நின்ற பாக்கியலெட்சுமி, "சார், காலுக்கடியில கூசுது, சட்டுனு அளங்க," என்றாள்.

அவர்கள் அப்படியேதான் மலைக்குப் போனார்கள், அப்படியேதான் கொழுந்து பறித்தார்கள். மழைக்காலத்து அட்டைகள் கால் எட்டாமல் புல்நுனியில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன. கொழுந்து நிறை குறையவில்லை. ஆனாலும் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பொறுக்கவில்லை. இத்தனை காலம் குனிந்து பேசிய அவர், இனி அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. வாராவாரம் தொடர்ந்த சனிக்கிழமைப் பயிற்சியை நிறுத்தி மைதானத்தில் தேயிலை நடப்போவதாகக் காரியாலயத்துக்கு எழுதினார். அறிவித்தலில் பிழை நேர்ந்தது என்று கனகசுந்தரம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பயிற்சி ரத்து. மேலதிகாரி பேனாவையும் மூடி திறந்து நீட்டினார். கனகசுந்தரம் பயந்த மனிதர், நாய் குரைத்தால் நாய்க்கும் வணக்கம் சொல்பவர். அவருக்குத் தெரிந்த ஒரே வீரம் எழுதுவினைஞரின் வீரம்: 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கோப்பை அலுமாரிக்குப் பின்னால் விழுத்தினார். அது பதினொரு வருடம் பரிசீலனையில் இருந்தது.

அதற்குள் விஷயம் கடல் கடந்துவிட்டது. பாக்கியலெட்சுமி 1996இல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரத்தில், அடுத்த மாடிகளில் நின்ற எத்தியோப்பியப் பெண்களுக்கும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கும் நிமிரக் கற்றுக்கொடுத்தாள். பெய்ரூத்திலும் ஜித்தாவிலும் எசமானிகள் பணிப்பெண்களுடன் பேச முக்காலி தேடினார்கள். அடிஸ் அபாபாவிலிருந்தும் மணிலாவிலிருந்தும் 'இராசமணி டீச்சர், பதுளை' என்ற விலாசத்துக்குக் கடிதங்கள் வந்தன. மற்றதெல்லாம் அவரவர் மொழியில் இருந்தது. 'நிமிர்' என்ற சொல் மட்டும் தமிழில், கோணல்மாணலாக. 2003இல் நோர்வேயிலிருந்து இருவர் கருவியோடு தோட்டத்துக்கு வந்து அளந்தார்கள். ஒன்பது அங்குலம். கருவி சரியாகத்தான் இருந்தது. தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

டீச்சர் மட்டும் கடைசிவரை தரையில்தான் நின்றார். ஏன் என்று கனகசுந்தரம் கேட்டதற்கு, "ஆராவது கீழை நிண்டு எண்ண வேணுமெல்லோ," என்றார். இதுகள் எப்ப இறங்கும் என்று கேட்டதற்கு, "அதைத் தரையிட்டைக் கேளும்," என்றார். ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஹாலிஎலயிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

2004இல் அலுமாரிக்குச் சாயம் பூச வந்தவர்கள் கோப்பைக் கண்டெடுத்துவிட்டார்கள். புதிய துரை ஆயிரம் தேயிலைக் கன்றுகளை மைதானத்து ஓரத்தில் அடுக்கிவிட்டார். கோப்பில் நிரப்பாத கட்டம் ஒன்றே ஒன்று: 'பங்குபற்றுநர்கள் சாதாரண மட்டத்துக்குத் திரும்பும் திகதி.' வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பாவிட்டால் திங்கட்கிழமை குழி வெட்டு. கனகசுந்தரம் படிவத்தோடு மலை ஏறினார். பதினொரு வருடமாக எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான். தம்பையா கங்காணி வானத்தைப் பார்ப்பார், பெண்கள், "டீ குடிங்க சார்," என்பார்கள். கடைசியில், குவைத்திலிருந்து திரும்பி இப்போது தானே விசில் ஊதும் பாக்கியலெட்சுமியின் முன்னால் போய், அண்ணாந்து நின்று, மூச்சு வாங்கியபடி கேட்டார். திகதி ஒன்று சொல்லு பிள்ளை, பொய்த் திகதியெண்டாலும் பரவாயில்லை, நான் எழுதிப்போட்டு இடத்தைக் காப்பாத்திறன் என்றார்.

பாக்கியலெட்சுமி விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"பொய்யெல்லாம் எதுக்குங்க சார்? கன்னு நடுறதுன்னா நல்லா நடட்டும். நாங்க என்ன தரையிலயா நிக்கிறோம்? செடிக்கு மேல நின்னுக்கிறோம். எறங்க மாட்டோம்னு எழுதுங்க."