சணல் துண்டுகள்

வெல்டர் ஒரு வேலையில் கை வைத்தால், அதில் யானை சாய்ந்து நின்றாலும் அசையக் கூடாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு சாண் உயர ஸ்வீட் பீ பூங்கொடிக்குப் பந்தல் போட்டால் எப்படி இருக்கும்? தண்ணீர்க் குழாய் கனத்தில் நாலு தூண், குறுக்கே பட்டை, மேலே பச்சை பெயின்ட். "இது பூச்செடிக்கா, பாலத்துக்கா?" என்று கேட்டாள் மனைவி. அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட கிண்டல் அது. மகள் சிரிக்கவில்லை.

விதை போட்டது மகள்தான். உயிரை விடத் துணிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்த பிறகு அவளாக எழுந்து செய்த ஒரே காரியம் அது. ஏன் சாகத் துணிந்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். விதை முளைத்த அன்று மட்டும் தானாகவே வந்து, "அப்பா, முளைச்சிருக்கு" என்றாள். வெல்டர் பட்டறைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழுதார். இந்தக் கொடி பிழைத்தால் அவளும் பிழைப்பாள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். பைத்தியக்காரத்தனம்தான். பெற்றவனுக்கு வேறு என்ன பிடிமானம்?

ஆனால் கொடி குழாயைப் பிடிக்கவில்லை. நுனியில் இருந்த சுருள் இழை, தடித்த குழாயைச் சுற்ற முடியாமல் வழுக்கி விழுந்தது. கம்பி வலை கட்டினார். அது வெயிலில் சுட்டு, தொட்ட இழை கருகியது. காய்ந்த குச்சிகளை நட்டுப் பார்த்தார். ஒரு காற்றுக்கே சாய்ந்துவிட்டன. தரையில் கிடந்த கொடி மஞ்சளாகத் தொடங்கியது. மகள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சணல் கட்டினா பிடிச்சுக்கும்பா," என்றாள்.

மனைவி கையிலிருந்த பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

அந்த வீட்டில் கயிறு கிடையாது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, துணி காயப்போடும் கயிறு முதற்கொண்டு எல்லாவற்றையும் வெல்டர் அள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் பூட்டிவிட்டார். ஈரத்துணியெல்லாம் நாற்காலி முதுகில்தான் காயும். குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றியாயிற்று. இதைப் பற்றி மூவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மெல்லிசா வேற கம்பி இழுத்துட்டு வரேம்மா."

"அதுவும் சுடும்பா."

"பிளாஸ்டிக்ல ஏதாவது கிடைக்குமான்னு பாக்கறேன்."

"வேணாம்னா விடுங்கப்பா. போனா போகட்டும்."

கொடியைத்தான் சொன்னாள். வெல்டர் காதில் அப்படி விழவில்லை.

மறுநாள் ஓர் உருண்டை சணல் வாங்கி, பட்டறையில் உட்கார்ந்து வெட்டினார். ஒவ்வொரு துண்டும் ஒரு சாணுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். வெட்டும்போதே எண்ணியும் வைத்தார். வீட்டுக்கு வந்து பையை மகளிடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மகள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். புரிந்துகொண்டாள். பந்தலடியில் உட்கார்ந்து, துண்டோடு துண்டு முடிந்து, தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினாள். வெல்டர் வாசல்படியில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஓர் இழை சணலை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

மகள் வந்து மீதித் துண்டுகளை அவர் மடியில் வைத்தாள்.

"மிச்சம் இவ்வளவுதான்பா. எண்ணிப் பாத்துக்கோங்க."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் வெல்டர் தாங்கியிருப்பார்.

"சீ, என்னம்மா பேச்சு இது. நான் எதுக்கு எண்ணப் போறேன்?"

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வெல்டர் கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு துண்டுகளைப் படியில் பரப்பி எண்ணினார். எழுந்து போய்ப் பந்தலில் கட்டியிருந்ததையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்தும் முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.