மஸாஹிராவின் மரம்

முப்பது மணி நேரம் கல்லிலிருந்து எடுத்த இலைத்துண்டுகள் அமிலத்தில் கிடந்தன. வெள்ளி மாலை இரண்டு சொட்டு அமோனியா விட்டேன். கரி கரைந்துபோக, இலைகளின் மேல்தோல் மட்டும் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் மிதந்து வந்தது. ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் நதா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. புத்தளம் பக்கத்துக் கற்களில் ஜுராசிக் காலத்து ஊசியிலை மரங்களின் இலைகள் கரியாகப் பதிந்திருக்கின்றன. செதில் போன்ற இலை என்னுடையது. போன வருடமே பெயர் வைத்து வெளியிட்டுவிட்டேன். நீண்ட இலை நதாவுடையது. புது இனம் என்று எழுதி, தன் உம்மாவின் பெயரை வைத்திருந்தாள். கட்டுரை திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போகிறது. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு, இது தெரியும்.

அந்த வாரம் புதிதாக உடைத்த கல்லில் ஒரு சிறு கிளை இருந்தது. அடியில் நதாவின் நீண்ட இலைகள். நுனிக்குப் போகப் போக அவை குறுகி என் செதில்களாகியிருந்தன. கண் பிழையாக இருக்கட்டும் என்றுதான் இரண்டிலும் துண்டெடுத்து அமிலத்தில் போட்டேன். நுணுக்குக்காட்டியில் இரண்டிலும் இலைவாய்கள், இலை மூச்சுவிடும் துளைகள், ஒரே மாதிரி வரிசையில் நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி அதே ஐந்து உயிர்க்கலங்கள், அவற்றில் அதே சின்ன முளைகள். ஒரே மரம் இரண்டு விதமாக இலை விட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

ஞாயிறு நதா வீட்டில் சாப்பாடு. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போகும்போது அவளிடம் சொல்லவேண்டிய வசனத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். நதா கதவைத் திறந்ததும், "சரியான வெயில்" என்றேன்.

நதாவின் உம்மா மஸாஹிரா அன்ரி என் சோற்றுக்கோப்பையில் இன்னொரு கோழித்துண்டை வைத்தார்.

"மீன்காரனுக்கும் செல்லிட்டேன் மகள், எண்ட பேருல மரமொண்டு ஈக்கிண்டு. அவன் கேக்கான், காய்க்குமாண்டு."

"காய் இல்ல உம்மா, கூம்பு. இவகிட்டக் கேளுங்க. ஆனா வாயத் திறக்கச் சல்லி கேப்பா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோழி நல்ல உறைப்பு. இந்த வீட்டில் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். பேசாமலிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பிறகு இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது. நடுத்துண்டு எனக்கு.

"நீங்களாவது செல்லுங்க மகள். எண்ட மரம் எப்பிடி ஈந்திச்சு? பெரிசா?"

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பெரிசாத்தான் இருந்திருக்கும் அன்ரி."

பிறகு நதாவைப் பார்த்தேன்.

"நதா, உன்ட மரமும் என்ட மரமும் ஒண்டுதான். ரெண்டு இலையும் ஒரே கிளையில இருக்கு."