ஆடி மாத ரீசெட்

வெள்ளவத்தையில் கலியாணப் பொருத்தம் பேசிக் கொடுக்கும் அலுவலகம் நடத்துகிற குகதாசனுக்குக் கம்ப்யூட்டரும் சாமியும் ஒன்றுதான். இரண்டுக்கும் சந்தனம் பூசுவார், இரண்டைப் பற்றியும் ஒரு இழவும் தெரியாது. அங்கே வேலை செய்யும் அருந்ததிக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்திருந்தது. ஜாதகத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து பார்த்த கம்ப்யூட்டர் திருத்துகிற ரொனி, இனிப் பூசி மெழுகிப் பயனில்லை என்றான். தேவையானதை வேறாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சமெல்லாம் அழித்து, வாங்கிய நாளில் இருந்தபடி ஆக்க வேண்டுமாம்.

"இது ஆடி மாசம். புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாது," என்றார் குகதாசன். "ஆவணி பிறக்கட்டும்."

"அதுக்கிடையில பொம்பிளைப் பிள்ளையளின்ர படமெல்லாம் வெளிய போயிடும் அண்ணை," என்றாள் அருந்ததி.

"திரையில பிள்ளையார் இருக்கிறார். அவர் பாத்துக்கொள்ளுவார்."

பிள்ளையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த கிழமை, ஆவணியில் கலியாணம் நிச்சயமாகியிருந்த தனுஷியாவின் படம், 'என்னோடு பேச இங்கே அழுத்துங்கள்' என்ற வரியோடு, அவள் பெயரிலேயே வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் போனது. மாப்பிள்ளை வீட்டார் கொதித்தார்கள். இப்படி ஊருக்கெல்லாம் படம் அனுப்புகிறவள் வேண்டாம் என்றார்கள்.

அனுப்பியது அலுவலகத்துக் கம்ப்யூட்டர்தான். அதற்கு அத்தாட்சி அதற்குள்ளேயே கிடந்தது. விஷயம் விளங்கியதும் குகதாசன் ரொனியை ஓடிவரச் சொன்னார். ஆடியும் போயிற்று, அட்டமியும் போயிற்று. ராகுகாலம் என்றுகூட மனுஷன் பார்க்கவில்லை.

"இப்ப அழிக்க வேண்டாம் அண்ணை," என்று அருந்ததி கெஞ்சினாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து பாக்கட்டும். அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கை."

"நீர்தானே இவ்வளவு நாளும் அழி அழி எண்டு நிண்டனீர்?"

ரொனி கூப்பிட்டவர் சொன்னதைச் செய்துவிட்டுப் போய்விட்டான். முதுகெலும்பில்லாத பிறவி.

பின்னேரம் தனுஷியாவின் தகப்பன் வந்தார். குகதாசன் துடைத்து வைத்த திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்கோ ஐயா. எங்கட மெசினில ஒரு பிழையுமில்லை. வீட்டில மகளைத்தான் விசாரிக்கோணும்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அருந்ததி குகதாசனைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷமும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"தலையைக் குனியாதேங்கோ ஐயா," என்றாள். "படத்தை அனுப்பினது இந்த மெசின்தான். இண்டைக்குக் காலமைதான் அழிச்சவை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அருந்ததி, வேலை வேணுமோ வேண்டாமோ?"

"அதையும் சேத்து அழியுங்கோ."

அவள் கைப்பையை எடுத்தாள். மாப்பிள்ளை வீடு பாமன்கடைப் பகுதியில், நடந்தே போகலாம். கிழவருக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கோ ஐயா, அங்க வந்து நானே சொல்லுறன்," என்றாள்.