பின்னால் தள்ளிய சீட்டு

கம்பெனி வண்டியே போதும் என்று சொல்லிவிட வேண்டும். இந்தக் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் இவர் முகம் சுண்டிப்போகும். அதுவும் இவர் அக்காவின் முன்னால். பிறகு நாள் கணக்கில் அந்த முகத்தோடு நான்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

இப்படி நினைத்தபடி அவள் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். எதிரே கணவர், பக்கத்தில் நாத்தனார். ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. பதவி உயர்வோடு கம்பெனி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது: அவள் மட்டும் ஓட்டிக்கொள்ள ஒரு கார், அல்லது அதற்குப் பதிலாக மாதாமாதம் சம்பளத்தோடு ஒரு தொகை. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்னதை மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது.

"பணமா வாங்கிடு. அக்கா வண்டிய விக்கப் போறா. அத நாம எடுத்துக்கலாம். கம்பெனி வண்டில நான் கை வைக்கக் கூட முடியாதாம். அது என்ன வண்டி?" என்றார் கணவர்.

"நான் ஒண்ணும் உன் தலைல கட்டப் பாக்கலம்மா," என்றார் நாத்தனார். "எங்க வீட்டுக்காரரவிட அந்த வண்டியத்தான் நல்லா பாத்துக்கிட்டேன். அது எதிர்த்துப் பேசாது பாரு."

கணவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

இப்போது வீட்டில் இருக்கும் காரின் சாவி அவர் பேன்ட் பையில் கிடக்கும். கேட்டு ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆனால் கேட்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பிக்கொள்வாள். மறுமுறை ஏறும்போது இரண்டும் அவர் உயரத்துக்குப் போயிருக்கும். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக அழைத்தபோது வண்டியும் இல்லை, அவரும் போனை எடுக்கவில்லை. கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள். அங்கே யாரும் திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்கள்.

"சும்மா ஒரு ரவுண்டு ஓட்டித்தான் பாரேன்," என்று சாவியை நீட்டினார் நாத்தனார்.

மூவரும் கீழே இறங்கினார்கள். நாத்தனாரின் கார் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை. கண்ணாடியில் காரின் கூரைதான் தெரிந்தது. நாத்தனார் அவளைவிடக் குள்ளம். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர். அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது.

"இத வேற யாராவது ஓட்டினாங்களா அண்ணி?"

"இவன்தான். நேத்து சாயங்காலம் வந்து ஓட்டிப் பாத்துட்டு, விலை பேசி முடிச்சுட்டுப் போனானே. உன்கிட்ட சொல்லலையா?"

கணவர் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்று ஜன்னல் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் நம்ம வண்டிதானே. எது சும்மா நிக்குதோ அத நீ எடுத்துக்கோ. யாரு வேணாங்கிறா? அக்கா முன்னாடி என் மானத்த வாங்கிடாத. போன எடு, கம்பெனிக்குப் பணம்னு ஒரு தட்டு தட்டு."

அவள் கை தானாகவே சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தேடிப் போயிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் கால் எட்டிவிடும். இத்தனை வருடமாக அப்படித்தான் எட்டியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இறங்கிக் கதவைச் சாத்தி, சாவியை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள இறங்கிட்ட?"

"கால் எட்டல அண்ணி."

"அதுக்கென்ன," என்றார் கணவர் அவசரமாக. "சீட்ட முன்னாடி இழுத்துக்கோ."

"வேணாங்க," என்றாள் அவள். "நான் கம்பெனி வண்டியே எடுத்துக்கிறேன்."