கொசுத் திருப்பம்

என் அப்பாவும் என் மாமனாரும் ஒரே விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர்கள். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் இன்னும் தரையிறங்காதவர்கள். வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், இருவருடைய உள்ளங்கைகளும் விமானங்களாகிவிடும். ஒரு கை இன்னொரு கையைத் துரத்தும். தண்ணீர் டம்ளர் கவிழும். என் கல்யாண ஆல்பத்தில், எங்களுக்குப் பின்னால் நின்றபடி இருவரும் காற்றில் கையை வீசிக்கொண்டிருக்கும் படம் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் சம்பந்திகளுக்குள் கைகலப்பு என்றே நினைப்பார்கள்.

சண்டை எப்போதும் ஒரே சண்டைதான். முப்பத்து நாலு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சிச் சண்டையில் யார் யாரைச் சுட்டார் என்பது.

அப்பா அப்போது புதிதாக வந்திருந்த பெரிய விமானத்தில் இருந்தார். இரண்டு இன்ஜின், மூக்கில் ரேடார், மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும் திமிர். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்னால் தவறாமல் தலைவாருவார் என்பதால் படையில் அவர் பெயர் 'சீப்பு'. மாமா எதிரிப் பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவுக்கு வேலையே எதிரியாக நடிப்பதுதான். பழைய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களுக்கு எதிரி நாட்டு வண்ணம் பூசி, எதிரியைப் போலவே பறந்து, எதிரியைப் போலவே தாக்கி, நம் விமானிகளைப் பழக்கவேண்டும். 'தகர டப்பா' என்று மற்றவர்கள் கேலி செய்த அந்தக் குட்டி விமானம் லேசில் கண்ணில் படாது. படும்போது காதருகே வந்திருக்கும். அதனால் மாமா 'கொசு' ஆனார்.

எதிரிப் பிரிவுக்காரர்கள் தரைக்கு வந்த பிறகும் எதிரிகளாகவே இருந்தார்களாம். விமானிகளின் சாப்பாட்டு அறையில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கும். அடுத்த பிரிவின் அறிவிப்புப் பலகையில் 'இன்று பறத்தல் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டால், "கடமையைத்தான் சார் செய்யறோம்" என்று விறைப்பாக நிற்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமா சண்டையின் நடுவே ரேடியோவில், "எரிபொருள் குறைஞ்சிடுச்சு, நான் திரும்பறேன்" என்றார். அப்பா நம்பி வேகத்தைக் குறைத்தார். அந்த நொடியில் கொசு பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. "பொய் சொல்லி ஏமாத்தினான்" என்பார் அப்பா. "எதிரி போன் பண்ணிச் சொல்லிட்டா வருவான்?" என்பார் மாமா. பிறகு இருவரும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கமுடியவில்லை. அப்போதுதான் மாமா தன் பெயர் பெற்ற வித்தையைச் செய்தார். முழு வளைவில் இருந்த விமானத்தைச் சட்டென்று தளர்த்திவிட்டார். அப்பாவின் விமானம் வேகம் தாங்காமல் வழுக்கிக்கொண்டு அவர் முன்னாலேயே போய் மாட்டிக்கொண்டது. "சுட்டாச்சு!" என்று மாமா ரேடியோவில் கத்தினார். அந்த உத்திக்குக் 'கொசுத் திருப்பம்' என்றே பெயர் நிலைத்து, பின்னால் மாமா பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வருடம் அதைப் பாடமாகவும் நடத்தினார்.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. காரணம், துப்பாக்கி விசையை அழுத்தினால் குண்டுக்குப் பதிலாகப் படம் எடுக்கும் காமிராதான் மாமாவின் விமானத்தில் இருந்தது. அன்றைய படச்சுருள் எங்கேயோ தொலைந்துபோனது. "படம் எங்கே? படத்தைக் காட்டு, ஒத்துக்கறேன்."

சாட்சி என்று பார்த்தால் ஒரே ஒருவர்தான். என் அம்மா.

அம்மா அப்போது அந்தப் படைத்தளத்தின் டாக்டர். வளைவில் பறக்கும்போது உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய, அந்த மாதம் முழுவதும் பயிற்சி விமானத்தின் பின் சீட்டில் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தார். சண்டையின்போதும் மாமாவுக்குப் பின்னால் அம்மாதான் இருந்தார். மாமா கதை சொல்லும்போது இதைப் பெருமையாகச் சேர்த்துக்கொள்வார்: "பின்னாடி டாக்டரைச் சுமந்துக்கிட்டே ஜெயிச்சேன். தனியா போயிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்." மறுநாள் கழுத்துவலி என்று மருத்துவ அறைக்கு வந்த அப்பா, கழுத்து சரியான பிறகும் வந்துகொண்டே இருந்தார். அப்படித்தான் நான் பிறந்தேன். என்ன நடந்தது என்று யார் எப்போது கேட்டாலும் அம்மா ஒரே பதிலைச் சொல்வார்: "எனக்கென்ன தெரியும்? கண்ணு மூடியிருந்தது."

போன மாதம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருந்து அழைப்பு வந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த தகர டப்பாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டியவர்களும், அதோடு மோதியவர்களும் வந்து தங்கள் நினைவுகளைப் பதிவு செய்யவேண்டும். கூடவே ஒரு வரி: 'கிடங்கைச் சுத்தம் செய்தபோது உங்கள் பழைய படச்சுருள் ஒன்று கிடைத்துள்ளது.'

அத்தை வரவில்லை. "அந்த விமானம் என் வீட்டுக் கூடத்துல முப்பது வருஷமா பறந்துட்டிருக்கு. நான் எதுக்கு அங்க போய்ப் பார்க்கணும்?" என்றுவிட்டார். என் கணவர் அலுவலக வேலை என்று நழுவினார். கார் ஓட்ட நான் கிடைத்தேன். பின் சீட்டில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைக்கக்கூடாது என்று நடுவில் அம்மா உட்கார்ந்துகொண்டார்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. புது பெயின்ட் வாசனை. நடுவில் அந்த விமானம் நின்றது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?"

"அதனாலதானே உன் கண்ணுல படல" என்றார் மாமா.

இருந்தாலும் மாமாவின் கை அதன் வயிற்றுப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. கதவுகளைத் திறந்து மூடினார். ஒரு மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, "அப்பவும் இது இப்படித்தான் அடம்பிடிக்கும்" என்று உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அது மூடிக்கொண்டது.

பின்பக்க அறையில் பிலிம்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். அந்தக் காலத்தில் விமானங்களில் காமிரா மாட்டியதும் அவரே, படம் கழுவியதும் அவரே. இப்போது அருங்காட்சியகத்தில் அதே மாதிரி வேலை. சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா கைப்பையில் இருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரிக்கத் தொடங்கினார்.

படம் ஓடியது. முதலில் வெறும் வானம், ஓரத்தில் ஒரு வால் நுனி. கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்தது. அடுத்த துண்டு முழுதாக மூன்று நொடி. குறி வட்டத்துக்கு நட்ட நடுவில், கையால் எடுத்து வைத்தது மாதிரி, அப்பாவின் பெரிய விமானம்.

மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பார்த்தியா! டேய் சீப்பு, பார்த்தியா! முப்பத்து நாலு வருஷம்! மருமகளே, நீயே சொல்லு, அது யாரு விமானம்?"

நான் அப்பா பக்கம் திரும்பவில்லை. பாவமாக இருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு தடவை சுட்டிருக்கியே. ஒரு தடவைன்னுதானே சொல்லிட்டிருந்தே?" என்றார்.

"ஒண்ணோ ரெண்டோ! செத்தது நீ!"

பிலிம்காரர் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு சின்ன விஷயம். படத்தோட ஓரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது பாருங்க. முன் சீட்டுல விசையை அழுத்தினா புள்ளி இடது பக்கம் விழும். பின் சீட்டுல அழுத்தினா வலது பக்கம்."

நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். புள்ளி வலது பக்கம் இருந்தது.

"மெஷின் தப்பா இருக்கும்" என்றார் மாமா.

"அந்த மெஷினை நான்தான் சார் மாட்டினேன்."

அறையில் ஆரஞ்சு வாசனை மட்டும் இருந்தது. மூவரும் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ஒரு சுளையை வாயில் போட்டு, விதையைத் துப்பிக் கைக்குட்டையில் மடித்து வைத்தார்.

"நீ கண்ணை மூடியிருந்தேன்னு சொன்னியே?" என்றார் அப்பா.

"கண்ணு மூடியிருந்ததுன்னு சொன்னேன். என் கண்ணுன்னு சொல்லல."

மாமா நின்ற இடத்திலேயே உட்காரப் பார்த்தார். நல்லவேளை, நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அம்மா சொன்னது இதுதான். வளைவு இறுகிக்கொண்டே போயிருக்கிறது. உடம்பின் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கும் அளவுக்கு. முன்னால் இருந்த ஹெல்மெட் பொம்மைத் தலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா இரண்டு முறை கூப்பிட்டார், பதில் இல்லை. விமானம் மூக்கைக் கீழே போடத் தொடங்கியது. நேராகப் பறக்க மட்டும் மாமாவே முந்தைய வாரங்களில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா பின் சீட்டிலும் இருந்த ஓட்டும் பிடியைப் பிடித்து, வளைவை அப்படியே விட்டுவிட்டு, மூக்கை நிமிர்த்தினார். அதுதான் கொசுத் திருப்பம். அது என்ன வித்தை என்று புரியாமல் அப்பாவின் விமானம் முன்னால் வழுக்கி வந்து நின்றது.

"முதல் தடவை பிடியைப் பிடிச்சப்போ விரல் தெரியாம விசையில பட்டுடுச்சு" என்றார் அம்மா.

"ரெண்டாவது தடவை?"

"அது வேணும்னேதான்."

"ஏன்?" அப்பாவின் குரல் கீச்சென்று வந்தது.

"அன்னிக்குக் காலையில சாப்பாட்டு அறையில எல்லார் முன்னாடியும், 'டாக்டர், வாந்தி எடுக்கப் பை எடுத்துக்கிட்டீங்களா, ஒண்ணு போதுமா'ன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? விசை கைக்குக் கீழேயே இருந்தது. ஆளும் நேரா வந்து நின்னார். விடுவேனா?"

பிலிம்காரர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடத் தொடங்கினார். அவர் தோள்கள் குலுங்கின.

மாமா சிரிக்கவில்லை. "நான் எவ்வளவு நேரம்..." என்று மெதுவாகக் கேட்டார்.

"பத்து, பன்னிரண்டு செகண்ட் இருக்கும். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன் அண்ணா. முழிச்சதும் எதிர்ல விமானத்தைப் பார்த்துட்டு 'சுட்டாச்சு'ன்னு கத்தினீங்க. நடுவுல கொஞ்சம் காணாம போனது உங்களுக்கே தெரியல. அப்படி மயங்கறவங்களுக்குத் தெரியாது."

"அப்போ நீங்க பத்து நாள் பறக்கக்கூடாதுன்னு எழுதினது..."

"மூக்கடைப்புன்னு எழுதினேன்."

"என் மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு! ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினேனே!"

"தெரியும். ரெண்டு நாளா வயிறு சரியில்லாம, சாப்பிடாம, அதை என்கிட்ட மறைச்சுட்டு வந்து உட்கார்ந்தீங்க. நடந்ததை அப்படியே எழுதியிருந்தா அதோட உங்க பறத்தல் முடிஞ்சது. பத்து நாளும் உங்களைத் தினமும் கூப்பிட்டுச் சோதிச்சேன். தேறிட்டீங்கன்னு நிச்சயமான பிறகுதான் விட்டேன். எழுதாம விட்டது தப்புதான். அதுக்கப்புறம் நீங்க மேலே போன ஒவ்வொரு நாளும், இறங்கற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது."

இதை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. மாமாவிடம் சொன்னால் அவர் மனம் உடையும். அப்பாவிடம் கல்யாணத்துக்கு முன் சொன்னால் மாப்பிள்ளை ஓடிவிடுவார். பின் சொன்னால் சாப்பாடு இறங்காது.

மாமா எழுந்து வந்து அம்மாவின் எதிரில் நின்றார். அம்மா மீதிப் பாதி ஆரஞ்சை அவர் கையில் வைத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டே வந்தது. ஏதோ ஒரு கணக்கு உள்ளே கூடி வந்திருக்கிறது. "அப்படின்னா," என்றார், "இவன் என்னைச் சுடவே இல்ல!"

"டேய்..."

"இல்லவே இல்ல! என் பொண்டாட்டிதான் சுட்டா! நீ தூங்கிட்டிருந்தே! ஒன்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினியே, என்ன பாடம் அது? எப்படித் தூங்கறதுன்னா?" பிலிம்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த மூணு செகண்டுல ஒரு படத்தை எனக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுங்க. ஹால்ல மாட்டணும். நடுவுல வச்சுச் சுட்டிருக்கா பாருங்க! எத்தனை பேரால முடியும்?"

தோற்றவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

அடுத்தது பதிவு. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மைக், ஒரு நாற்காலி. முதலில் மாமாவின் முறை. தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். இதெல்லாம் இனி எங்கே பேசப்போகிறார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. தண்ணீர் குடித்தார். பிறகு முதுகு நிமிர்ந்தது. இரண்டு உள்ளங்கைகளும் மேலே எழும்பின. வெளியே இருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று வந்தது:

"அன்னிக்கு நான் ஒரு முக்கியமான முடிவு எடுத்தேன். என் பின் சீட்டுல இருந்த டாக்டருக்கு நான்தான் பறக்கக் கத்துக் கொடுத்திருந்தேன். சரியான நேரம் பார்த்து, விமானத்தை அவங்ககிட்ட ஒப்படைக்கிறதுன்னு..."

"பொய்! முழுப் பொய்!" அப்பா கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்.

"சார், ரெக்கார்டு ஆகுது சார்" என்று பிலிம்காரர் ஓடிவந்தார்.

உள்ளே மாமா ஒரு கையால் அப்பாவை அமைதியாக இருக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, இன்னொரு கையால் விமானத்தைத் தொடர்ந்து ஓட்டினார்.

"நீயாவது சொல்லேன்!" என்று அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவருகே போய் நின்றுகொண்டார்.

"அவர் முடிக்கட்டும்" என்றார். "அடுத்தது நான்தானே."