அடுப்படியில் ஆள் இல்லை

இன்ஜினியருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜென்ம விரோதி. அவளுக்கு அவர் வைத்த பெயர் சுத்தியல். முதலில் அவர் மட்டும்தான் அப்படிச் சொன்னார், பிறகு பட்டறை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. அவள் காதுக்கும் அது எட்டாமல் இல்லை. ஒருநாள் பதிவேட்டில் தன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் "சுத்தியல்" என்றே எழுதி, கீழே நிதானமாகக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்தப் பட்டறை. வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாதனங்களை உருவாக்குகிற இடம். யோசிப்பது, வரைவது, ஈயம் உருக்கி ஒட்டுவது எல்லாம் இன்ஜினியர். கடைசியில் அதைப் பின்னாலிருக்கும் சமையலறைக்கு எடுத்துப்போய்ப் பாழாக்குவது சுத்தியல். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இருபது வருஷம் வீட்டு வேலை செய்தவள். எதை எப்படித் தப்பாகப் பிடிப்பார்கள், எங்கே ஈரக்கை படும், எதன்மேல் துணியைக் காயப்போடுவார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும் என்று முதலாளி அவளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். இடுப்பில் குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்ள ஒரு மணல் பையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒவ்வொன்றையும் திருகிப் பார்ப்பாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூடக் கடைக்குப் போகாது.

இன்ஜினியரின் இரண்டு பிள்ளைகளை அவள் ஏற்கெனவே கொன்றிருந்தாள். தானே மடிந்துகொள்ளும் துணிக்கொடி ஒன்று. அதில் நனைந்த போர்வையைப் போட்டாள், முறிந்தது. மாத்திரை நேரத்துக்குக் கூவும் டப்பா இன்னொன்று. கூவல் தொல்லை தாங்காமல் அதைத் தலையணைக்கு அடியில் திணிப்பார்கள் என்றாள், திணித்தும் காட்டினாள். இரண்டுக்கும் அறிக்கை ஒரே வரிதான். அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். பள்ளிக்கூடப் படியைச் சரியாக மிதிக்காதவள் தன் தலையில் மிளகாய் அரைக்கிறாள் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் புலம்பினார்.

மூன்றாவதுதான் காவல் பெட்டி. மூன்று வருஷ உழைப்பு. அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டவேண்டும். எதிரே ஆள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நாலு நிமிஷம் அசைவே இல்லையென்றால், "அடுப்படியில் ஆள் இல்லை, அணைக்கிறேன்" என்று தேனாகச் சொல்லிவிட்டு கேஸை மூடிவிடும். அடுப்பை மறந்துவிட்டு வெளியே போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் முதலாளி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். இதுவும் ஊற்றிக்கொண்டால் வடிவமைப்பு அறையை இழுத்து மூடுவதாகவும், இன்ஜினியர் கீழே ரிப்பேர் கவுன்ட்டரில் மிக்சி பிரிக்கப் போகலாம் என்றும்.

சுத்தியல் முதல் தடவை சோதித்தபோது பெட்டி அணையவே இல்லை. ஆளில்லாத சமையலறையில் ஜன்னல் திரை ஆடியது, பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்தது. அதையெல்லாம் ஆள் என்று நம்பிக்கொண்டு பெட்டி அடுப்பை எரியவிட்டது. "திரைச்சீலை சமைக்கிறது" என்று எழுதிக் கொடுத்தாள். பட்டறையே சிரித்தது. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து அவர் பெட்டியை விட்டுவிட்டு அவளைப் படிக்க ஆரம்பித்தார். சோதனை அறைக் கேமராவில் அவள் சமைக்கும் காட்சிகளை உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பிறவிக்கு ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாது. கிளறுவாள், துடைப்பாள், மணல் பையை இடம் மாற்றுவாள், மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். நாற்பது நொடிக்கு ஒருமுறையாவது முழுக் கை வீசும். அந்த வீச்சை அளந்தார். அதற்குக் குறைந்த எந்த அசைவையும் கண்டுகொள்ளாதே என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். திரை ஆடினால் என்ன, ஆவி எழுந்தால் என்ன? சுத்தியலின் அளவுக்குத் தைத்த சட்டையாகப் பெட்டி தயாரானது.

இரண்டாம் சோதனையில் பெட்டி கச்சிதமாக நடந்துகொண்டது. அவள் இருந்தவரை எரிந்தது, வெளியே போனதும் அணைந்தது. இன்ஜினியர் மீசையை நீவிக்கொண்டார். அவளோ மணல் பையை அவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலு நிமிஷம். அணைந்தது. போய் எழுதினாள்: "சும்மா நின்றால் அணைகிறது."

இன்ஜினியருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதலாளியையும் கூட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"அடுப்பைப் பத்த வச்சிட்டு யாரும்மா நாலு நிமிஷம் சிலை மாதிரி நிப்பாங்க? வேணும்னே பண்றீங்களா?"

"நிப்பாங்க சார். நான் வேலை பார்த்த வீடுங்கள்ல பார்த்திருக்கேன்."

"எதுக்கு நிப்பாங்க?"

"அதை நான் கேட்டதில்ல சார். கேக்கற இடத்துல நான் இல்ல."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை பெட்டியைப் பார்க்கக் கடைக்காரர்கள் எல்லாரும் வரப்போகிறார்கள், இப்போது போய்ச் சும்மா நிற்பவர்களைப் பற்றி என்ன கவலை என்று, அந்த வரியை அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள். ஆனால் மெல்லிசாக ஒரே ஒரு கோடு, யார் வேண்டுமானாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. பிறகு கையெழுத்துப் போட்டாள். திமிரைப் பார் என்று இன்ஜினியர் பல்லைக் கடித்தார். ஆனாலும் ஜெயித்தது அவர்தான்.

கடைக்காரர்களுக்குக் காட்ட ஒரு வீடியோ வேண்டும், உன் வீட்டிலேயே உன் மனைவி சமைப்பதை எடு, அதுதான் எடுபடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஜினியர் பெட்டியைக் கொண்டுபோய்த் தன் வீட்டு அடுப்புக்கு மேலே மாட்டினார். அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்தார். மனைவியை நல்ல புடவை கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டாள். சிரித்த முகமாக இரு என்றார். அவள் காய் நறுக்கப் போனாள்.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள், நறுக்கிய காயைப் போட்டாள், உப்புப் போட்டாள், மூடினாள். இன்ஜினியர் கூடத்தில் உட்கார்ந்து திங்கட்கிழமை என்ன பேசுவது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தத் தேன் குரல் கேட்டது.

"அடுப்படியில் ஆள் இல்லை, அணைக்கிறேன்."

எங்கே போய்த் தொலைந்தாள் என்று எரிச்சலோடு எழுந்து வந்தார். அவள் அடுப்புக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். கரண்டி கையில் இருந்தது. கண் பாத்திரத்தின் மேல் இருந்தது, பாத்திரத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் கையை வீசி உள்ளே நுழைந்ததும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி பற்றவைத்துவிட்டு, ஒழுங்காகச் சமை என்று சொல்லிப் போனார். நாலு நிமிஷம் கழித்து மறுபடி அதே குரல். மறுபடி அதே நிற்பு. மூன்றாம் முறை அவர் கூடத்துக்குப் போகவில்லை, வாசற்படியில் நின்று பார்த்தார். அவள் மூச்சு விடுவது தெரிந்தது. அதைத் தவிர ஒன்றும் அசையவில்லை. இவளும் சேர்ந்துகொண்டு தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்றே அவருக்குத் தோன்றியது. சுத்தியல் இவளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். குரல் மூன்றாம் முறையும் சொல்லி அடுப்பை அணைத்தது.

"கொஞ்சம் அசைஞ்சா உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்? நீ நிக்கறது அதுக்குத் தெரியல. ஆள் இல்லைங்குது."

அவள் கரண்டியை மேடையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் சொல்லுது," என்றாள்.

அவரைத் தாண்டி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், அது அவருக்குப் பழக்கமான வேலை.

காய் பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. அலமாரியில் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து நிறுத்தி, எடுத்ததை ஓட்டிப் பார்த்தார். ஒரு பெண் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். நடுவில் ஒரு ஆண் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். சுத்தியலை நாள்கணக்கில் நொடிநொடியாக அளந்தவர் அவர். இந்த நிற்பை அவர் பார்த்தது இன்றைக்குத்தான். வெட்கம் காதுவரை ஏறிச் சுட்டது.

திங்கட்கிழமையை நினைத்தார். மிக்சிகள் குவிந்த கீழ்க் கவுன்ட்டரை நினைத்தார். வீடியோவை அழித்துவிடலாம், வேறு யாரையாவது அசையச் சொல்லி எடுக்கலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. போனில் தேடி, வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூப்பிடாத அந்த எண்ணை அழுத்தினார்.

சுத்தியல் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கூப்பிட்டார் என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: அந்த வரியை மறுபடி எழுதுங்கள், கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"யாரு சார் நின்னாங்க?"

"என் வீட்டுக்காரி."

"எத்தனை நாளா இப்படி நிக்கறாங்க?"

அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

"சரி சார்," என்றாள் சுத்தியல். "அதையும் எழுதிக்கறேன்."