புதன்கிழமை அலறல்

மலர் வளையத்தில் கட்டியிருந்த பட்டு நாடாவை இர்மா தையல் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். 'ஹார்லோ இருமல் மருந்து, ஆழ்ந்த அனுதாபங்களுடன்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த நாடா. தொண்டையில் கட்டி வந்து செத்தவளுக்கு இருமல் மருந்துக் கம்பெனி பூ அனுப்பியிருக்கிறது. அனுப்பட்டும். அதற்காக எழவு வீட்டில் விளம்பரப் பலகை வைக்க வேண்டுமா?

"விட்டுடுடி. பூ நல்ல பூதானே," என்றாள் அம்மா, சவப்பெட்டியின் தலைமாட்டிலிருந்து.

"பூ இருக்கட்டும்மா. அவங்க பேரு வேண்டாம்."

பெட்டிக்குள் அக்கா ஆல்பினா நீல உடுப்பில் படுத்திருந்தாள். முப்பத்தொன்பது வயது. கழுத்தை மறைத்து லேஸ் துணி சுற்றியிருந்தார்கள். ஒன்பது வருடமாகப் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, அந்த ஹார்லோ கம்பெனி காசு போட்டு நடத்தும் 'ஏழாவது மாடி' வானொலி நாடகத்தில், வீடு வீடாக ஆட்களை நாற்காலி நுனிக்கு இழுத்து வந்த கழுத்து அது. வாராவாரம் அந்த நாடகத்தில் ஒரு பெண் கொலையாவாள். அவளாகப் பேசுவது நட்சத்திர நடிகை மிஸ் மெர்வின். அலறுவது ஆல்பினா. மிஸ் மெர்வினுக்கு அலற வராது. வந்தாலும் கோழி கொக்கரிப்பது போல் இருக்கும். நிலையத்துக்கு நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக அவள் மைக்கின் முன்னால் வாயைத் திறந்து நிற்பாள். தட்டிக்குப் பின்னால், இன்னொரு மைக்கில், ஆல்பினா அலறுவாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். கடைசியில் பெயர்கள் வாசிக்கும்போது மெர்வின் பெயர்தான் வரும்.

அலறுவது தன் பெண்தான் என்று அம்மா ஒரே ஒரு தடவை பேக்கரியில் உளறிவிட்டாள். "உன் பொண்ணா? அப்போ ரேடியோவுல ஜனாதிபதி பேசுறது உன் மாப்பிள்ளையா?" என்று கேட்டாள் கடைக்காரி புடிலம்மா. கடையே சிரித்தது. அதோடு அம்மா அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. தெருக்கோடி கடையிலிருந்து காய்ந்த ரொட்டி வாங்கித் தின்றாள்.

அதே புடிலம்மா இப்போது பழம் வைத்த பன்களைத் தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். கையில் காலைப் பேப்பர்.

"பாத்தியா இர்மா, பேப்பர்லயே வந்திருக்கு. மிஸ் மெர்வின் அழுதாங்களாம். 'என் மேல்கோட்டை வாங்கி மாட்டி வைக்கிற அன்பான ஆல்பினா'ன்னு சொல்லியிருக்காங்க. கோட்டு மாட்டுற வேலைன்னாலும் கௌரவமான வேலைதான்மா."

இர்மா பேப்பரை வாங்கிப் படித்தாள். அப்படித்தான் போட்டிருந்தது. அக்கா தன் வாழ்நாளில் அந்தப் பொம்பளையின் கோட்டைத் தொட்டது கிடையாது.

"நாளைக்குக் காலைல மண்ணு போட்டுடுவாங்க. அதுக்குள்ள ஒருத்தராவது எம்பொண்ணு பேரைச் சொல்ல மாட்டாங்களா?" என்றாள் அம்மா. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. புடிலம்மா பன் தட்டைத் துணியால் மூடினாள்.

மூன்று மணிக்கு நாடக இயக்குநர் ப்ரெண்டிஸ் வந்தார். தொப்பியைக் கழற்றினார், பெட்டியின் முன் ஒரு நிமிடம் தலை குனிந்தார், பிறகு இர்மாவை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"போன வருஷம் ஆல்பினா காய்ச்சல்ல கிடந்தப்போ ரெண்டு புதன்கிழமை நீ வந்து அலறினியே. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. இன்னிக்கு ஒரு நாள், இர்மா."

"எங்கக்கா கூடத்துல படுத்திருக்கா. நீங்க அடுக்களைல நின்னு அவ தொண்டையைக் கேக்குறீங்க."

"ரெக்கார்டு போடலாம்னா நான் ஏம்மா வரப்போறேன்? நேர்ல வராத சத்தத்தை நிலையத்துல விட மாட்டாங்க. இருபது பேரோட பொழப்பு."

"அந்த இருபதுல எங்கக்கா உண்டா? இல்ல கோட்டு மாட்டுற கணக்கா?"

ப்ரெண்டிஸ் அடுக்களை மேசைக்கு வந்திருந்த பன் தட்டின் துணியை விலக்கிப் பார்த்தார். எடுக்கவில்லை. "அது மெர்வின் சொன்னது. நான் சொல்லல. சரி, உனக்கு என்ன வேணும்?"

"கடைசியில பேர் வாசிப்பீங்கல்ல? 'இத்தனை வருஷம் அலறினது ஆல்பினா ஹலெக்'. அவ்வளவுதான். ஒரு தடவை போதும்."

அவர் கோட்டுப் பையிலிருந்து நாடகப் பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். ஆல்பினாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுத்தான் எழுதினார். ஒன்பது வருடம் வேலை வாங்கியவர்.

கிளம்பும்போது இர்மா கூடத்து ரேடியோவை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள். "எட்டு மணிக்குப் போடும்மா. கடைசி வரைக்கும் கேளு." புடிலம்மா தானும் இருந்து கேட்பதாகச் சொன்னாள். அவள் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் இர்மாவுக்குப் பொறுக்கவில்லை.

நிலையத்தில் ஒத்திகை முடிந்தது. நாற்பது நொடி அதிகம் என்றார்கள். ப்ரெண்டிஸ் கண்ணாடி அறைக்குள் கடிகாரத்தையும் நீலப் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வெட்டிய பிரதிகள் கைக்கு வந்தன. இர்மா தட்டிக்குப் பின்னால் நின்று நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

இருமல் மருந்து விளம்பரம் இரண்டு பத்தி, ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. அதற்குக் கீழே அக்கா பெயரின் மேல் நீலக் கோடு.

அவள் தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்து அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். ப்ரெண்டிஸ் கண்ணாடிக்குள்ளிருந்து கடிகாரத்தைத் தட்டினார். பிறகு ஆள்காட்டி விரலால் தன் கழுத்தை ஒரு முறை குறுக்கே அறுத்துக் காட்டினார். வெட்டியாகிவிட்டது என்பதற்கு வானொலிக்காரர்கள் காட்டும் சைகை அது. தினம் இருபது தடவை காட்டுவார்கள். இன்று, இவளிடம், இதைக் காட்டுகிறோமே என்று அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. தொடக்க இசையாக ஆர்கன் முழங்கியது. இருபத்தைந்து நிமிடம் இர்மா நின்ற இடத்திலேயே நின்றாள். மிஸ் மெர்வின் தேனாகப் பேசினாள், படிக்கட்டில் ஏறினாள், யாரங்கே என்று நடுங்கினாள். படித்து முடித்த தாள்களைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகக் கம்பளத்தில் நழுவ விட்டாள். ஓசைக்காரர் கஸ், கத்தி இறங்கும் சத்தத்துக்காக, முட்டைக்கோஸையும் வெட்டுக்கத்தியையும் எடுத்துத் தயாராக நின்றார். கொலைகாரன் சிரித்தான். ப்ரெண்டிஸின் விரல் இர்மாவை நோக்கி நீண்டது.

மிஸ் மெர்வின் வாயை அகலத் திறந்தாள்.

இர்மா மைக்கை நெருங்கினாள். அரசாங்க அலுவலகத்தில் விவரம் கேட்டால் சொல்வது போல, நிதானமாகச் சொன்னாள்:

"ஆல்பினா ஹலெக். முப்பத்தொன்பது வயசு. ஒன்பது வருஷமா இங்க அலறினது அவதான். எங்க வீட்டுக் கூடத்துல படுத்திருக்கா. நாளைக்குக் காலைல அடக்கம்."

பார்க்க வந்திருந்தவர்கள் மிஸ் மெர்வினைப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. ப்ரெண்டிஸ் கண்ணாடியைக் கையால் அறைந்தார், ஆனால் அது சத்தத்தை வெளியே விடாத கண்ணாடி. ஆர்கன்காரர் தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இர்மா கையிலிருந்த தாளைக் கம்பளத்தில் நழுவ விட்டாள். தட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, எல்லோரும் பார்க்க வாசலை நோக்கி நடந்தாள். கஸ் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். அவளுக்கு முன்னால் போய் அந்தக் கனத்த கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் தாண்டியதும், கீல் முனகாமல், மெல்ல மெல்ல அதைச் சாத்தினார்.